அருச்சுனன் என்னும் பெயர்

திருச்சிற்றம்பலம்.

மெய்யன்பர்களே! ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மேகம் கறுத்து இடி முழங்குங்கால் நம் வீட்டு முதியோர் ‘அருச்சுனா, அருச்சுனா’ என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இடி என்பது வெறும் ஓசையன்று. கடல்மேற் சென்றவர் திரும்பும்வரை கரையில் இருப்போர் நெஞ்சில் விழும் அச்சமே அது. அவ்வச்சத்திற்கு மருந்தாக நம் முன்னோர் ஒரு மனிதனின் பெயரைத் தேர்ந்தெடுத்தது ஏன்? அப்பெயரின் பொருள் என்ன? சைவர்களாகிய நமக்கு அதில் உள்ள பங்கு யாது? இவற்றை இன்று சிந்திப்போமாக.

‘அர்ஜுன’ என்னும் வடசொல்லுக்கு வெண்மை, ஒளி, தூய்மை என்பன முதற்பொருள். வெள்ளியையும் அச்சொல் குறிக்கும். இலத்தீன் மொழியில் வெள்ளிக்கு வழங்கும் ‘ஆர்ஜென்டம்’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே மூலத்தில் தோன்றியவை என்பர் மொழிநூலார். தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினா என்னும் நாட்டின் பெயரும் அந்த வெள்ளியினாலேயே வந்தது. ஒரு சொல் எத்தனை கடல் கடந்திருக்கிறது பாருங்கள்!

இச்சொல் பாரதக் கதைக்கு முன்னரே வேதத்தில் வழங்கியது. இருக்கு வேதத்தின் ஆறாம் மண்டலத்தில் ஒரு நாளுக்கு இரண்டு பக்கம் கூறப்படுகிறது. இருண்ட பக்கம் ‘கிருஷ்ணம்’. ஒளிர்ந்த பக்கம் ‘அர்ஜுனம்’. இரவும் பகலும் இணைபிரியாது சுழல்வதை வேதம் இவ்விரு சொற்களால் உரைக்கிறது. பிற்காலத்தில் ஒரே தேரில் சாரதியாகவும் வீரனாகவும் அமர்ந்த இருவருக்கும் இவையே பெயராயின என்பது எண்ணி மகிழத்தக்கது. சதபதப் பிராமணமோ இன்னும் ஒருபடி சென்று, அருச்சுனன் என்பது இந்திரனுக்குரிய மறைபெயர் என்கிறது. இந்திரன் மழைக்கும் இடிக்கும் தலைவன். பாரதம் அருச்சுனனை அவன் மகன் என்று சொல்கிறது. ஆகவே இடிக்குங்கால் அப்பெயரைச் சொல்லும் நம் பாட்டிமார் வேதத்தைக் கல்லாதவராயினும் வேதத்தோடு ஒட்டியே பேசினர் என்க.

பழமையான இலக்கணமும் இப்பெயரை அறியும். பாணினி முனிவர் தம் அஷ்டாத்தியாயியில் வாசுதேவன்பால் அன்புடையவனுக்கும் அருச்சுனன்பால் அன்புடையவனுக்கும் என்ன விகுதி சேர்த்துப் பெயர் அமைக்க வேண்டும் என ஒரு சூத்திரம் செய்தார். தனி ஒரு சூத்திரம் வேண்டிய அளவிற்கு இப்பெயர் அவர் காலத்து மக்கள் வழக்கில் நிலைபெற்றிருந்தது.

எனினும் இப்பெயர் பாண்டவனுக்கு மட்டும் உரியதன்று. நருமதைக் கரையில் மாகிஷ்மதி நகரை ஆண்ட ஹேஹய மன்னன் கார்த்தவீரியனுக்கும் அருச்சுனன் என்பதே பெயர். தத்தாத்திரேயர் அருளால் ஆயிரந் தோள் பெற்றவன். இலங்கை வேந்தனாகிய இராவணனையே சிறையிலிட்டவன். அவ்வளவு பெருமையிருந்தும் சமதக்கினி முனிவரின் பசுவைக் கவர்ந்த குற்றத்தால், அம்முனிவரின் மகனாகிய பரசுராமர் கையில் ஆயிரந் தோளும் இழந்து மாண்டான். அந்தப் பரசு சிவபெருமான் அளித்தது. ஒரே பெயரை இருவர் தாங்கினர். இருவருக்கும் எதிரே சிவபெருமானின் படைக்கலம் வந்தது. ஒருவனுக்கு அது தண்டமாக வந்தது. மற்றவனுக்கு வரமாக வந்தது. பெயரே உய்விக்குமாயின் இவ்வேறுபாடு ஏன் நிகழ்ந்தது? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மூன்றாவதாக, அர்ஜுனம் என்பது ஒரு மரத்தின் பெயர். ஆற்றங்கரைகளில் வெளிறிய பட்டையுடன் ஓங்கி வளரும் மருத மரமே அது. நீர்மருது என்றும் சொல்வோம். அதன் பட்டையை நம் நாட்டு மருத்துவர் நெஞ்சு நோய்க்கு மருந்தாக வழங்கி வருகின்றனர். தாவர நூலாரும் தம் நூற்பெயரில் ‘அர்ஜுனா’ என்னும் சொல்லையே அதற்கு வைத்துள்ளனர். கண்ணபிரான் குழந்தைப் பருவத்தில் உரலை இழுத்துச் சென்று வீழ்த்திய இரட்டை மரங்களைப் பாகவதம் ‘யமளார்ஜுனம்’ என்கிறது. குபேரனின் மக்கள் இருவர் செல்வச் செருக்கினால் நாரதர் சாபம் பெற்று அம்மரங்களாய் நின்றனர் என்பது கதை.

சைவர்களுக்கு இம்மரம் மிக அணுக்கமானது. மருத மரத்தின் பெயரால் விளங்கும் மூன்று தலங்களை நம் பெரியோர் ஒருங்கு வைத்துப் போற்றுவர். ஆந்திர நாட்டுச் சீசைலம் தலைமருது. அங்கு இறைவன் மல்லிகார்ச்சுனர். தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூர் இடைமருது, வடமொழியில் மத்தியார்ச்சுனம். நெல்லை மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர் கடைமருது. அதனைப் புடார்ச்சுனம் என்பர். கிருஷ்ணை, காவிரி, பொருநை என மூன்று ஆற்று நிலங்களிலும் அருச்சுனம் என்பது பாண்டவனின் பெயராக அன்றிச் சிவன் கோயில் கொண்ட மரத்தின் பெயராகவே நிற்கிறது.

இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறோம். நம் சிற்றூர்களில் மருதன், மருதமுத்து, மருதாயி என்று பெயர் வைத்தனர். அப்பெயர்கள் நாட்டுப்புறத்தன என்று கருதி இன்று பலர் கைவிடுகின்றனர். அதே வீட்டில் பேரனுக்கு அர்ஜுன் என்று பெயர் சூட்டிப் பெருமை கொள்கின்றனர். அப்பெயர் அழகியதே, அதில் குறையில்லை. ஆயினும் பாட்டனின் பெயரும் பேரனின் பெயரும் ஒரே மரத்தை நினைவூட்டுவன என்பதை அந்த வீட்டார் அறிந்தால், பாட்டனின் பெயரைச் சொல்ல நாணுவரோ?

இனிப் பாண்டவனிடம் வருவோம். விராட பருவத்தில் ஒரு நிகழ்ச்சி. அஞ்ஞாதவாசமாகிய பதின்மூன்றாம் ஆண்டில் அருச்சுனன் தன் பெயரை மறைத்து, பிருகன்னளை என்னும் பெயரோடு அரசகுமாரிக்கு ஆடல் கற்பித்து வந்தான். கௌரவர் படை ஆநிரை கவர வந்தது. இளவரசன் உத்தரன் படையைக் கண்டு நடுங்கித் தேரினின்று இறங்கி ஓடினான். அருச்சுனன் அவனைப் பிடித்து, ஆயுதங்கள் மறைத்து வைக்கப்பெற்ற வன்னி மரத்தடிக்குக் கொண்டு வந்து, தான் யார் என்று உரைத்தான். உத்தரன் எளிதில் நம்பவில்லை. அருச்சுனனுக்குப் பத்துப் பெயர் உண்டென்று கேட்டிருக்கிறேன். அவற்றைச் சொன்னால் நம்புவேன் என்றான்.

அப்பொழுது அவன் சொல்லிய பெயர்கள் இவை. நாடுகளை வென்று பொருள் கொணர்ந்தமையால் தனஞ்சயன். வென்றன்றிப் போர்க்களத்தினின்று மீளாமையால் விசயன். வெண்புரவி பூட்டிய தேருடைமையால் சுவேதவாகனன். உத்தர பல்குனி நாளிற் பிறந்தமையால் பல்குனன். இந்திரன் சூட்டிய முடியால் கிரீடி. போரில் அருவருக்கத்தக்க செயல் செய்யாமையால் பீபத்சு. இரு கையாலும் காண்டீவம் வளைப்பதால் சவ்வியசாசி. பிறரால் அடர்த்தற்கரியனாய் வெல்லுந் தன்மையால் சிஷ்ணு. தந்தை அன்பினால் இட்ட பெயர் கிருஷ்ணன். தூய செயலே செய்தலால் அருச்சுனன்.

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, கருமையைக் குறிக்கும் கிருஷ்ணன் என்னும் பெயரும் வெண்மையைக் குறிக்கும் அருச்சுனன் என்னும் பெயரும் ஒருவனுக்கே உரியவாயின. இது முரணன்று. கருமை உடலின் நிறத்தைப் பற்றியது. வெண்மை செயலின் நிறத்தைப் பற்றியது. தோலின் நிறங்கண்டு மக்களை எடைபோடும் பேதைமைக்குப் பாரதம் அன்றே விடை கூறிவிட்டது. மற்றொன்று, பத்தில் பெரும்பாலன செயலால் வந்த பெயர்கள். அவற்றைக் கேட்ட அளவில் ஓடியவன் அச்சம் நீங்கித் தேரோட்ட இசைந்தான். அச்சம் போக்கும் பெயர்கள் என்னும் நம்பிக்கைக்கு இவ்வரலாறும் துணை நிற்கிறது.

ஆனால் இப்பெயர்கள் பயன்படாமற்போன நாள் ஒன்று அவன் வாழ்வில் உண்டு. சைவர்களாகிய நாம் போற்றுவது அந்த நாளையே.

வனவாசத்தின்போது தெய்வப்படை வேண்டி அருச்சுனன் இமயத்தில் தவம் புரிந்தான். மூகன் என்னும் அசுரன் பன்றி வடிவில் அவனைக் கொல்ல வந்தான். அதே பொழுதில் சிவபெருமான் வேடனாக வந்தருளினார். இருவர் கணையும் ஒருங்கே பன்றிமேற் பட்டன. இது யார் வேட்டை என்று வழக்கு எழுந்து போராக முற்றியது. அருச்சுனனின் அம்புகள் வேடனை ஒன்றும் செய்யவில்லை. வற்றாதவை என்று பெயர் பெற்ற தூணிகள் வற்றின. காண்டீவத்தால் அடித்தான், அதனை வேடன் பறித்துக்கொண்டான். வாளை ஓங்கினான், அது வேடன் தலையிற் பட்டு முறிந்தது. மரமும் கல்லும் கொண்டு எறிந்தான். இறுதியில் மற்போர் செய்து, உணர்விழந்து வீழ்ந்தான்.

அன்பர்களே, பத்துப் பெயர்களையும் மீண்டும் நினைத்துப் பாருங்கள். விசயன் தோற்றான். சவ்வியசாசியின் இரு கையிலும் வில் இல்லை. சுவேதவாகனனுக்குத் தேருமில்லை, புரவியுமில்லை. தனஞ்சயனின் பொருளெல்லாம் எங்கோ போயிற்று. கைக்கெட்டியது மண்ணும் மலருமே. உணர்வு வந்ததும் அவன் அம்மண்ணால் சிவவடிவம் அமைத்து மலர்மாலை சாத்தி வழிபட்டான். சாத்திய மாலையை வேடன் முடிமேற் கண்டான். கண்டதும் அடியில் வீழ்ந்தான். வெற்றியாலும் பொருளாலும் படையாலும் வந்த பெயர்கள் உதிர்ந்தபோது எஞ்சி நின்றது தூய்மையைக் குறிக்கும் அருச்சுனன் என்னும் ஒரு பெயரே. பாசுபதம் அவனுக்குக் கிடைத்தது அப்பொழுதுதான். ‘கிரீடி’ என்னும் பெயருக்குக் காரணமான முடியை இந்திரன் சூட்டியதும் இதற்குப் பின்னரே. தாழ்ந்த தலைக்கே முடி வந்தது.

நான் வென்றேன், என்னுடையது என்னும் முனைப்பையே நம் சித்தாந்தம் ஆணவ மலத்தின் செயல் என்கிறது. அருச்சுனனிடம் முனைப்பு இருந்தது, வழிபடவும் தெரிந்தது. ஆதலால் இறைவன் தாமே எதிர்த்து நின்று அம்முனைப்பைத் தேய்த்தார். ஆயிரந்தோள் அருச்சுனனோ தோளை நம்பினானேயன்றித் தாழ அறியவில்லை. முன்னர் மனத்தில் இருத்திய வினாவிற்கு இதுவே விடை.

இவ்வரலாற்றைப் பாரவி என்னும் பெருங்கவி 18 சருக்கங்களில் ‘கிராதார்ச்சுனீயம்’ என்னும் காவியமாக்கினார். வேடனின் பெயர் முன்னும் வீரனின் பெயர் பின்னுமாக அந்நூற்பெயர் அமைந்திருப்பது நமக்கு உவப்பானது. கி.பி. 634-இல் பொறிக்கப்பெற்ற ஐகொளே கல்வெட்டு காளிதாசரோடு பாரவியையும் பெயர் சுட்டிப் புகழ்கிறது. மாமல்லபுரத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தவம் என்று அறிஞர் ஒரு சாராரும், கங்கை இறங்கியது என்று மற்றொரு சாராரும் கூறுவர். தேவார ஆசிரியர்கள் பார்த்தனுக்குப் பாசுபதம் ஈந்த திறத்தைப் பலகாலும் பாடினர். சிதம்பரத்தை அடுத்த திருவேட்களத்தில் இறைவன் பாசுபதேசுவரர். கும்பகோணத்தை அடுத்த திருவிசயமங்கையில் விசயநாதர். வில்லிபுத்தூரார் பாரதத்தில் இதற்கெனத் தனிச் சருக்கம் வகுத்தார். திரௌபதியம்மன் விழாக்களில் தவமரம் ஏறும் நிகழ்ச்சியை இன்றும் மக்கள் கண்டு வணங்குகின்றனர்.

பெயர் அருளால் மாறும் என்பதற்கு வடநாட்டுக் கதையை மட்டும் நாட வேண்டுவதில்லை. மருள்நீக்கியார் என்று பெற்றோர் இட்ட பெயருடையவர், சமணத்தில் தருமசேனர் ஆகி, திருவதிகையில் இறைவன் அருளால் நாவுக்கரசர் ஆனார். நம் கோட்டைப்பட்டினத்திற்கு வடமேற்கே, இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது திருப்பெருந்துறை என்னும் ஆவுடையார்கோயில். பாண்டியனுக்காகக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த அமைச்சர் திருவாதவூரர், அங்கே குருந்த மரத்தடியில் குருவாய் எழுந்தருளிய இறைவனைக் கண்டார். அமைச்சர் பதவியும் அரசன் பொன்னும் அவர் நினைவினின்று அகன்றன. ஊரால் வந்த பெயர் பின்தங்க, வாக்கினால் வந்த மாணிக்கவாசகர் என்னும் பெயரே உலகில் நின்றது. அத்தலத்துக் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையார் மட்டுமே உண்டு. பெயரும் உருவும் கடந்தவனை அங்கே நாம் ஆன்மநாதர் என்று அழைக்கிறோம்.

ஆகவே பெற்றோரே, குழந்தைக்குப் பெயர் சூட்டுங்கால் ஓசை நயம் பாருங்கள்; நாளும் கோளும் பாருங்கள்; தடையில்லை. அதனோடு அப்பெயரின் பொருளையும் அறிந்து, அறிவு வந்த காலத்தில் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். அருச்சுனன் என்று பெயர் வைத்தால் வெல்லவேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். தூய்மையாய் இரு, தோற்ற இடத்தில் வணங்கக் கற்றுக்கொள், வணங்கிய பின் எழுந்து உன் கடமையைச் செய் என்று சொல்லுங்கள். தேர்விலோ தொழிலிலோ தோற்று மனமுடையும் இளைஞர் பெருகியுள்ள இக்காலத்தில் இப்பொருளே அவர்களுக்கு வேண்டுவது. விசயன் என்னும் பெயரோடு ஒருவன் தோற்கலாம். தோற்றும் பெருமை குன்றாதிருக்கலாம். பாரதம் அதற்குச் சான்று.

எல்லாப் பெயருக்கும் அப்பாலாய், அடியார் அழைக்கும் எப்பெயருக்கும் செவி சாய்க்கும் பெருமான், இவ்வூரையும் இக்கடலையும் கடல்மேற் செல்லும் உயிர்களையும் காத்தருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.