கட்டைவிரலுக்கு ஒரு கவசம்

1976-ல் சீனாவின் அன்யாங் நகரில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். தலைமை தாங்கியவர், ஜெங் ஜென்சியாங் என்கிற பெண்மணி. உள்ளே புதைக்கப்பட்டிருந்தவரும் பெண்தான். ஷாங் வம்சத்து மன்னர் வூ டிங்கின் மனைவி, ஃபூ ஹாவ். அந்தப்புரத்திலேயே அடைந்து கிடந்த ராணி என்று நினைத்துவிட வேண்டாம். 13,000 வீரர்களைப் போருக்கு நடத்திச் சென்றவர்! மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் திருடர்கள் கை படாத அந்தக் கல்லறையில் 755 ஜேட் கல் பொருட்கள் இருந்தன. அதில் ஒன்று, கட்டைவிரலில் மாட்டுகிற வளையம்.

ஏதோ நகை போலிருக்கிறது என்கிறீர்களா? இல்லை... வில்லாளியின் கருவி!

ஐரோப்பியர்கள் இரண்டு, மூன்று விரல்களால் நாணை இழுத்தார்கள். சீனர்களும் மங்கோலியர்களும் துருக்கியர்களும் கட்டைவிரலை நாணில் கொக்கி மாதிரி மாட்டி, ஆட்காட்டி விரலால் அதை அழுத்திப் பூட்டிக்கொண்டார்கள். குதிரை மேலிருந்து எய்கிற குட்டை வில்லுக்கு இதுதான் வசதி. முழுசாக இழுத்தால் நாண் கூர்மையாக மடங்கும். மூன்று விரல்களை வைத்தால் நசுங்கிவிடும். சரி, வில்லின் மொத்த இழுவையும் ஒற்றை விரலில் இறங்கினால் விரல் என்னாவது? அதற்குத்தான் வளையம்.

ஃபூ ஹாவின் வளையம் சின்னக் குழாய் போன்றது. மேல்பக்கம் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். முன்னால் ஒரு மிருக முகம். பின்னால் நாண் உட்காரக் குறுக்கே ஒரு பள்ளம். கயிறு கோத்துக் கட்டிக்கொள்ள இரண்டு துளைகள்.

பல நூற்றாண்டுகள் கழித்து, குறுநாடுகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிய காலத்தில் இந்தக் குழாய் குள்ளமானது. விரலின் சதைப்பகுதியைக் காக்க, உதடு மாதிரி ஒரு நீட்சி முளைத்தது. பக்கவாட்டில் சின்னக் கொக்கி ஒன்றும் சேர்ந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. ஹான் வம்ச காலத்தில் அதே வடிவம் தட்டையாகி, நடுவில் ஓட்டையோடு இதய வடிவப் பதக்கமாகிவிட்டது. சுற்றிலும் வளைந்து நெளியும் டிராகன்கள் வேறு! அழகுதான். ஆனால், அதை மாட்டிக்கொண்டு அம்பு விட முடியாது.

1644-ல் பீஜிங்கைப் பிடித்த மஞ்சூக்களுக்கு வில்தான் உயிர். அவர்களுடைய வளையம் நேரான உருளை. நிஜமாகவே அம்பு எய்கிறவர்கள் மான் கொம்பில் செய்து போட்டுக்கொண்டார்கள். பணக்காரர்கள் ஜேட் கல்லில் போட்டார்கள். சக்கரவர்த்தி சியான்லாங், 'நம் ஆட்கள் வில்வித்தையை மறந்துகொண்டே வருகிறார்களே' என்று திரும்பத் திரும்பக் கடிந்துகொண்டவர். அதே சியான்லாங்தான் தன் ஜேட் வளையங்களில் கவிதைகளையும் செதுக்கி வைத்தார்!

துப்பாக்கியும் பீரங்கியும் போர்க்களத்தை எப்போதோ பிடித்துவிட்டன. ஆனாலும், ராணுவ அதிகாரிகளுக்கான தேர்வில் வில்வித்தை மட்டும் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. 1901-ல்தான் அந்தத் தேர்வுக்கு முழுக்குப் போட்டார்கள். 1912-ல் சாம்ராஜ்யமே போய்விட்டது. ஃபூ ஹாவின் வளையத்தில் நாணுக்கென்று ஒரு பள்ளம் இருந்தது. கடைசிக் கால ஜேட் வளையங்கள் பலவும் நாணைப் பார்த்ததே இல்லை!