கடலோர வெயிலும் ஒளிச்சிகிச்சையும்: யாருக்கு முதலிடம்?

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் கோவளம், சதுரங்கப்பட்டினம் மீனவர்களும் கேளம்பாக்கம் உப்பளத் தொழிலாளர்களும் மாமல்லபுரம் சிற்பிகளும் ஆயுள் முழுக்க வெயிலில் உழைப்பவர்கள். ஆனாலும் வெள்ளைத்தோல் கொண்ட ஐரோப்பியரிடமும் ஆஸ்திரேலியரிடமும் பரவலாகக் காணப்படும் ஆக்டினிக் கெரடோசிஸ் இவர்களிடம் அரிது. வெயிலால் வரும் இந்தச் சொரசொரப்பான திட்டு, கவனிக்காமல் விட்டால் சிலருக்குச் செதிள்செல் புற்றாக மாறக்கூடும். கருந்தோலில் அதைத் தடுப்பது மெலனின். அல்பினிசத்தோடு பிறந்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. இளவயதிலேயே முகத்திலும் காதிலும் புறங்கையிலும் திட்டுகள் தோன்றலாம். எனவே மருந்து பூசி ஒளியால் இத்திட்டுகளை அழிக்கும் ஒளிச்சிகிச்சையை இக்கரையில் தொடங்கினால் முதலிடம் இவர்களுக்கே. விலையுயர்ந்த விளக்கைவிடப் பகலொளியே அதற்குப் பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சாயமும் ஒளியும் சேர்ந்தால் உயிரணு சாகும் என்பதை மியூனிக்கில் ஆஸ்கர் ராப் 1900இல் வெளியிட்டார். இன்றைய சிகிச்சையும் அந்த அடிப்படையில் அமைந்ததே. திட்டின் மேல் அமினோலெவுலினிக் அமிலத்தையோ அதன் மெத்தில் வடிவத்தையோ பூசினால், கெட்ட செல்கள் அதைப் புரோட்டோபார்ஃபிரினாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளும். ஒளி பட்டதும் அங்குள்ள ஆக்சிஜன் வீரியம் பெற்று அந்தச் செல்களைக் கொல்லும். வழக்கமான முறையில் மருந்தைப் பூசி மூன்று மணி நேரம் மூடிவைத்து, 630 நானோமீட்டர் அளவிலான சிவப்பொளியைப் பாய்ச்சுவார்கள். புரோட்டோபார்ஃபிரின் நிறையச் சேர்ந்தபின் ஒளி ஒரேயடியாகப் படுவதால் வலி கடுமையாக இருக்கும்.

பகலொளி முறையில் பூசிய அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்து இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். புரோட்டோபார்ஃபிரின் உருவாக உருவாகவே ஒளி அதைச் செலவழித்துவிடுவதால் வலி குறைவு. வடஐரோப்பாவில் குளிர்காலம் இதற்குத் தடை. நமக்கோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் கத்திரி வெயிலும்தான் தடை. நேர்வெயிலும் தேவையில்லை. வானம் நன்றாகத் தெரியும் வடக்குப் பார்த்த திண்ணையில், காலை வேளையில், கறுப்புக் கண்ணாடியோடு உட்காரலாம். வெளிச்சத்தில் கண் கூசும் அல்பினிசக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் புறஊதாக் கதிரை மட்டும் தடுத்துக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடும் சன்ஸ்கிரீனை முதலில் பூசியாக வேண்டும். வெள்ளையாகப் படியும் துத்தநாகக் களிம்பு அந்த ஒளியையும் மறித்துவிடும்.

வெயிலை மருந்தாக்கும் பழக்கம் நம் தோல் மருத்துவத்துக்குப் புதிதன்று. கார்போகரிசியில் உள்ள சோராலனைக் கொடுத்து, வெண்புள்ளிக்கு வெயில் காட்டுவது இங்கே நெடுநாள் நடைமுறை. ஆனால் அது புறஊதாக் கதிரை நம்பும் முறை. பகலொளி முறையோ அக்கதிரை விலக்குவது. ஒன்றின் அனுபவத்தை மற்றொன்றின் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

இந்தச் சிகிச்சைக்கு எல்லையும் உண்டு. ஒளி ஆழமாக ஊடுருவாது. தடித்த திட்டுக்கும், ஆறாப் புண்ணில் முளைத்த புற்றுக்கும் இது உதவாது; அங்கே திசுப் பரிசோதனையும் அறுவையுமே வழி. மீனவரின் கீழுதட்டில் விளிம்புக் கோடு மங்கி, வெண்செதில் படிந்து, விரலுக்கு உப்புத்தாள்போல் உறுத்தினால் அதையும் முதலில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மேல்தோலை மட்டும் ஒளியால் ஆற்றிவிட்டால் அடியில் புற்று மறைந்து வளரக்கூடும்.

1955 முதல் திருமணியில் மத்தியத் தொழுநோய் நிறுவனம் இயங்கிவரும் இம்மாவட்டத்துக்கு, வீடு தேடிச் சென்று தோலைப் பார்க்கும் மரபு புதிதன்று. தொழுநோய்க்காக வரும் களப்பணியாளர் அல்பினிசம் உள்ள குழந்தையையும் மீனவரின் உதட்டையும் பார்த்துக் குறித்தால், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்கு உரியவர்கள் உரிய காலத்தில் வந்து சேர்வார்கள். விளக்கு வாங்கும் செலவுக்கு முன் இந்தப் பணிக்கு நிதி ஒதுக்குவதே நியாயம்.