கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்தால்

ஐரோப்பாவின் பழைய தேவாலய யன்னல்களைப் பற்றி ஒரு கதை உலாவுது. கண்ணாடி நூற்றாண்டுக்கணக்காக மெல்ல வழிந்து இறங்கியதால்தான் அதன் அடிப்பக்கம் தடிப்பாக இருக்கிறதாம். அது பொய். அந்தக்காலத்தில் கண்ணாடியை ஒரே தடிப்பில் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான். கண்ணாடி வழியாது. ஆனால் அரிக்கும், அதில் பூஞ்சணமும் பிடிக்கும். கல்லில், மரத்தில் பிடிக்கிறது சரி, கண்ணாடியில எப்பிடி? அதுக்குப் பதில் தேட நாங்கள் காட்டுக்குப் போகவேண்டிக் கிடக்கு.

உரோமர் கண்ணாடி காய்ச்சியபோது மணலோடு சேர்த்தது எகிப்தின் உப்பு ஏரிகளில் கிடைத்த சோடியம் உப்பை. 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் அந்த வரத்து குறைந்துபோனது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இருந்தவர்கள் பக்கத்தில் கிடைத்ததை எடுத்தார்கள்: மரச்சாம்பல். 12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற பெயரில் கைவினை நூல் எழுதிய துறவி அளவே சொல்லி வைத்திருக்கிறார்: பீச் மரச்சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு.

நாங்கள் வாழைக்கு அடியில் சாம்பல் கொட்டுவது ஏன்? அதில் பொற்றாசியம் இருக்கு. கல்சியம், பொசுபரசு, மங்கனீசும் இருக்கு. இவையெல்லாம் அப்படியே கண்ணாடிக்குள் போயின. அழகான கண்ணாடிதான், ஆனால் தண்ணீரைத் தாங்காத கண்ணாடி. மழையும் உட்பக்கத்தில் படியும் ஈரமும் பொற்றாசியத்தையும் கல்சியத்தையும் கழுவி வெளியே எடுக்கும். மேற்பரப்பு மெலிந்து, சின்னச் சின்னக் குழிகள் விழுந்து, வெள்ளையாகப் பொருக்குக் கட்டும்.

அந்தக் குழிகளில்தான் பற்றீரியா, பங்கசு, அல்கா, இலைக்கன் எல்லாம் குடியேறுகின்றன. கண்ணாடி அவற்றுக்குச் சாப்பாடு இல்லை. சாப்பாடு தூசி, பறவை எச்சம், மெழுகுதிரிப் புகை, ஈயப்பட்டிகளின் இடைவெளியை அடைக்கப் பூசிய எண்ணெய்ச் சாந்து. கண்ணாடி கொடுப்பது தாதுக்களை. வந்து சேர்ந்தவை ஒரு வழுவழுப்பான படலமாகப் பரவி ஈரத்தைப் பிடித்து வைக்கும். பங்கசு விடும் ஒட்சாலிக் அமிலம் உலோகங்களை இன்னும் உருவி எடுக்கும். மங்கனீசு ஒட்சியேறிக் கபில நிறமாகக் கறுப்பதிலும் நுண்ணங்கிகளுக்குப் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். குழியைத் தோண்டியதே நுண்ணங்கிகளா, இல்லை தோண்டிக் கிடந்த குழிக்குள் வந்து இருந்தவையா என்பதில் ஆய்வாளரிடையே வாதம் உண்டு.

எங்கள் சாய்வு இரண்டாவது பக்கம். யோர்க், சார்த்ர் பேராலயங்களின் 12ஆம் நூற்றாண்டு நீலக் கண்ணாடிதான் காரணம். அதில் கொஞ்சம் பழைய சோடியம் வகை. அதே மழை, அதே ஊர், ஆனால் நீலம் பளிச்சென்று இருக்கு, பக்கத்துச் சாம்பல் கண்ணாடி அரித்துப் போச்சு.

சரி, தேய்த்துக் கழுவினால் என்ன? அங்கேதான் ஆபத்து. முகம், தலைமயிர், உடுப்பின் மடிப்பு எல்லாம் கண்ணாடியின் மேல் தீட்டிச் சுட்ட கறுப்புக் கோடுகள். அரிப்பில் அவையும் தளர்ந்திருக்கும். பூஞ்சணத்தோடு சேர்த்து ஒரு புனிதரின் கண்ணையும் துடைத்துவிடலாம். 1970களில் சார்த்ரின் மேற்குப்புற யன்னல்களைச் சுத்தம் செய்து செயற்கைப் பிசின் பூசியபோது பிரான்சில் பெரிய சண்டை வந்தது. பழைய ஒளி போச்சு என்று கன பேர் கொதித்தார்கள். கறுத்த பொருக்கு ஓவியர் வைத்ததல்ல, ஆகவே அந்தக் கோபம் முழுக்க நியாயம் என்று எங்களுக்குப் படவில்லை. ஆனால் பூசினதைத் திரும்பக் கழற்ற முடியுமா என்ற கேள்வி நியாயமானது.

யோர்க்கில் வேறு வழி எடுத்தார்கள். ஒரு ரெனிஸ் மைதானம் அளவான அதன் பெரிய கிழக்கு யன்னலை ஜோன் தோர்ன்ரன் 1405 முதல் 1408 வரை செய்தார். ஒப்பந்தப்படி 56 பவுண் கூலி. 2008இல் அதன் 311 பலகங்களையும் கழற்றி, பத்து வருடம் வேலை செய்து திருப்பிப் பூட்டினார்கள். மருந்தடித்துக் கொல்வதைவிட முக்கியமாக, ஈரத்தை நிறுத்தினார்கள். பழைய கண்ணாடி இருந்த இடத்தில் புதுக்கண்ணாடி. பழையது கொஞ்சம் உள்ளே தள்ளி, நடுவில் ஆலயத்தின் உட்காற்றுப் புழங்க இடைவெளி. இப்ப யோர்க்கின் மழை விழுவது புதுக்கண்ணாடியில். அதில பாசி பிடிச்சா பயமில்லாமல் தேய்க்கலாம்.