ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை

சென்னையை அடுத்த ஆவடியில் இந்தியத் தரைப்படைக்கு டாங்கிகள் கட்டும் அரசு ஆலை. 1961இல் நிறுவப்பட்டது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பைக் கொண்டு 1965இல் இங்கே முதல் விஜயந்தா டாங்கி உருவானது. பின்னர் சோவியத், ரஷ்ய உரிமத்தில் டி-72, டி-90 ரகங்களும், உள்நாட்டு வடிவமைப்பான அர்ஜுனும் தயாராயின. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் 41 ஆலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் வந்தது.

டாங்கியின் விலையைக் கூட்டுவதில் கூலிக்கும் எஃகுக்கும் பங்குண்டு. விட்டுவிட்டு வரும் ஆர்டருக்கு அதைவிடப் பெரிய பங்கு. கோவில்பட்டித் தீப்பெட்டிக்கு ஓர் ஊரில் விற்பனை சுணங்கினால் இன்னொரு ஊர்ச் சந்தை உண்டு. டாங்கிக்கு வாங்குபவர் ஒருவரே. அவர் கையை இறுக்கினால் எந்திரம் நிற்கும், சம்பளமும் பராமரிப்பும் நிற்பதில்லை. அந்தச் செலவெல்லாம் பிறகு கட்டப்படும் கொஞ்ச டாங்கிகளின் தலையில் ஏறும்.

அர்ஜுன் இதற்கு நல்ல சான்று. திட்டத்துக்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது. 124 டாங்கிகளுக்கான ஆர்டர் வந்ததோ 2000இல். மேம்படுத்திய மார்க் 1ஏ ரகத்தில் 118 டாங்கிகளுக்கு அடுத்த ஆர்டர் வர 2021 செப்டம்பர் ஆயிற்று. மதிப்பு 7,523 கோடி ரூபாய். சராசரியாக ஒன்றுக்கு ஏறத்தாழ 64 கோடி. இருநூறுக்கும் மேற்பட்ட இந்திய உதிரிபாக நிறுவனங்களுக்கு இதில் வேலை உண்டு என்றது பாதுகாப்பு அமைச்சகம். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு சிறு பட்டறை ஆவடியையே நம்பிக் காத்திருக்க முடியுமா? ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய எஞ்சினுக்கும் இதே கதி: அந்த ரகத்தின் உற்பத்தி அங்கே நின்றுபோயிருந்ததால் தாமதம் ஏற்பட்டதாகச் செய்திகள் வந்தன.

ஆர்டர் தள்ளிப்போவதற்கு நிதிநிலையே பெருங்காரணம். 2024-25 பாதுகாப்பு ஒதுக்கீடான சுமார் 6.21 லட்சம் கோடியில் ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.41 லட்சம் கோடி. மூலதனச் செலவுக்கு 1.72 லட்சம் கோடி. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் ஒத்திப்போட முடியாது, புதுக் கொள்முதலை ஒத்திப்போடலாம்.

அமெரிக்காவிலும் 2012 வாக்கில் இதே வாதம் எழுந்தது. லைமா நகர ஆலையில் ஏப்ரம்ஸ் டாங்கி வேலையைச் சில ஆண்டுகள் நிறுத்தினால் மிச்சம் என்றது ராணுவம். மூடித் திறப்பதுதான் கூடுதல் செலவு என்றது ஆலைத் தரப்பு. நாடாளுமன்றம் ஆலையின் பக்கம் நின்றது. ஆவடிக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை. புது ஆர்டர் மெலியும்போது பழைய டி-72களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் வேலைதான் கைகொடுக்கிறது.