நடுவானில் விமானிக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன ஆகும்?

மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். அந்த நேரத்தில் விமானிக்கு நெஞ்சுவலி வந்தால்? பஸ் மாதிரி ஓரங்கட்டி நிறுத்த முடியாதே! பயணிகள் விமானங்களில் இரண்டு விமானிகள் இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

நாக்பூரில் நடந்தது என்ன?

2021 ஆகஸ்ட் 27. மஸ்கட்டிலிருந்து டாக்கா போய்க்கொண்டிருந்த பிமான் பங்களாதேஷ் விமானத்தின் கேப்டனுக்கு, இந்திய வான்பரப்பில் மாரடைப்பு ஏற்பட்டது. உள்ளே 120-க்கும் மேற்பட்ட பயணிகள். துணை விமானி கொல்கத்தா கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் சொல்லி, நாக்பூரில் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். பயணிகள் தப்பினார்கள். ஆனால், கேப்டன் ஆகஸ்ட் 30-ல் நாக்பூர் மருத்துவமனையில் உயிரிழந்தார்.

இன்னொரு விமானி என்ன செய்வார்?

இரண்டு முறை கூப்பிட்டும் சரியான பதில் வரவில்லை என்றால், சக விமானியால் இயங்க முடியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பயிற்சி உண்டு. உடனே கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்து, அவசரத் தகவல் கொடுப்பார். மயங்கியவரின் கை, கால் கருவிகளில் படாதபடி கேபின் ஊழியர்கள் அவரது சீட்டைப் பின்னால் தள்ளி, பெல்ட்டை இறுக்குவார்கள். பயணிகளில் டாக்டர் இருக்கிறாரா என்றும் கேட்பார்கள்.

மெடிக்கல் டெஸ்ட் இல்லையா?

இருக்கிறது. ஈசிஜி, கண், காது பரிசோதனை எல்லாம் முடித்துதான் சான்றிதழ். 60 வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் அது, டெஸ்ட் எடுத்த அன்றைய நிலையைத்தான் சொல்லும். இன்று காலை காய்ச்சலா என்பது விமானிக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் கிளம்பும் முன் தன்னையே கேட்டுக்கொள்ள ஆறு கேள்விகள்:

• உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? சாதாரண சளிகூட, விமானம் இறங்கும்போது காதை அடைத்துக் கடும் வலி தரும்.
• தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்டேனா?
• மனசில் அழுத்தம் இருக்கிறதா?
• மது? இந்தியாவில் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் தொடவே கூடாது.
• போதுமான அளவு தூங்கினேனா?
• ஒழுங்காகச் சாப்பிட்டேனா?

சிக்கல் எங்கே?

'முடியவில்லை' என்று சொல்வது லேசில்லை. மருத்துவத் தகுதி போனால் பறக்க முடியாது, வருமானமும் அடிபடும். அந்தப் பயத்தில் நோயை மறைத்தால், ஆபத்து பயணிகளுக்கும்தான்.

அடுத்த முறை மதுரை ஏர்போர்ட்டில் 'விமானிக்கு உடல்நலமில்லை, விமானம் தாமதம்' என்று அறிவித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அவர் அதைத் தரையில் இருக்கும்போதே சொல்லிவிட்டார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.