மூட்டம் கலைந்த கதை

1893 பிப்ரவரி 22. நியூயார்க்கில் பனிப்புயல். ஐந்தாவது அவென்யூவில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் கைக்கேமராவோடு மூன்று மணி நேரம் காத்து நின்றார். கொட்டும் பனிக்குள்ளிருந்து ஒரு குதிரை வண்டி வெளிப்பட்டதும் படத்தை எடுத்தார். நெகட்டிவைப் பார்த்த புகைப்படக் கிளப் நண்பர்கள், மங்கலாக இருக்கிறது, தூக்கிப் போடு என்று சிரித்தார்களாம். பின்னாளில் அவரே சொன்ன கதை இது.

அந்த மங்கல்தான் பத்து ஆண்டுகளில் ஓர் இயக்கத்தின் அடையாளமாயிற்று. 1902இல் 'ஃபோட்டோ செசஷன்' குழுவைத் தொடங்கிய ஸ்டீக்லிட்ஸ், மறு ஆண்டே 'கேமரா ஒர்க்' இதழைக் கொண்டுவந்தார். ஓவியத்துக்குச் சமமாகப் படத்தை நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதற்குப் பனியும் அந்தியும் ஈரத் தெருவும் துணை நின்றன. தமிழில் புழங்கும் 'புகைப்படம்' என்ற சொல் இவர்களுக்கு அச்சாகப் பொருந்தும்.

இந்தக் குழுவைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்டைக்கன் ஓவியரும்கூட. 1904இல் அவர் எடுத்த ஃபிளாட்அயர்ன் கட்டடம் அந்தி மயக்கத்தில் கப்பல் போல் மிதக்கிறது. முன்னால் ஒரு மொட்டைக் கிளை, உயரத் தொப்பி வைத்த வண்டிக்காரரின் கரிய உருவம். அந்தியின் நிறம் வந்தது அச்சிடும் முறையில்: பிளாட்டினம் பிரிண்டின் மேல் பிசினும் நிறப்பொடியும் டைகுரோமேட் உப்பும் குழைத்துப் பூசி, காயவிட்டு, நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட பிசின் இறுகிக்கொள்ளும்; மற்றது தண்ணீரில் கரைந்துபோகும். ஒரே நெகட்டிவிலிருந்து வெவ்வேறு சாயலில் அந்தி பிறந்தது இப்படித்தான். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இந்தப் படத்தின் மூன்று பிரிண்டுகள் இருக்கின்றன. ஒன்றின் நிறம் மற்றொன்றில் இல்லை.

1915இல் 25 வயது புகைப்படக்காரர் பால் ஸ்ட்ராண்ட் அதே நகரத்தை வெயிலில் பார்த்தார்.

வால் ஸ்ட்ரீட்டில் மார்கன் வங்கிக் கட்டடம். சுவரில் வரிசையாக இருண்ட பெரிய செவ்வகங்கள். கீழே எறும்பளவு மனிதர்கள், ஆளுக்கொரு நீண்ட நிழலை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். இந்த இருட்டில் கனவு இல்லை, கனம் இருக்கிறது. அடுத்த ஆண்டு கனெக்டிகட்டின் ட்வின் லேக்ஸில், ஒரு வராந்தாவில் விழுந்த கிராதி நிழல்களையே அவர் படமாக்கினார். மேசைகூட அங்கே வெறும் வளைகோடு.

1917 ஜூனில் 'கேமரா ஒர்க்' தன் கடைசி இதழை முழுக்க ஸ்ட்ராண்டுக்கே கொடுத்தது. வழக்கமாகப் படங்களை மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்சிட்டு ஒட்டுவார்கள். அந்த மென்மை இந்தப் படங்களுக்கு ஒவ்வாது என்று ஸ்டீக்லிட்ஸ் முடிவு செய்தார். பதினொரு படங்களும் தடித்த தாளில் நேரடியாக அச்சாயின.