செங்கம் சண்டையும் லண்டன் பங்கும்

ஜவ்வாது மலையின் வடக்கு விளிம்பில் இருக்கிறது அமிர்தி. மலைக்கு வடமேற்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆம்பூரும் வாணியம்பாடியும். தெற்கு அடிவாரத்தில், மேற்கே உள்ள பாராமகால் பகுதியிலிருந்து ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழியில் செங்கம். 1767-இன் பிற்பாதியில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையும் இந்த மலையைச் சுற்றித்தான் மோதிக்கொண்டன. அந்தப் போரின் லாப நட்டத்தை ஏற்க வேண்டியவர்கள் லண்டனில் இருந்த கம்பெனிப் பங்குதாரர்கள். களத்தில் நடப்பது அவர்களுக்குத் தெரிய ஆறு மாதமாவது ஆகும். முழுதாகத் தெரிந்ததா என்பது வேறு கேள்வி.

பணம் போட்டவர் ஓரிடத்திலும் அதைச் செலவழிப்பவர் இன்னோரிடத்திலும் இருக்கும் தொழிலில், கணக்குச் சொல்லும் முறை தானாக வந்துவிடுவதில்லை. 1600 டிசம்பர் 31-இல் இங்கிலாந்து அரசியின் பட்டயம் பெற்ற கம்பெனி, தொடக்கத்தில் ஒவ்வொரு கடற்பயணத்துக்கும் தனித்தனியாகப் பணம் திரட்டியது. கப்பல் திரும்பியதும் மிளகை விற்றுக் கணக்கை முடித்து, அவரவர் பங்கைக் கொடுத்துவிடுவார்கள். சரக்கைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் அறிக்கைக்குத் தேவை குறைவு. பிறகு சில ஆண்டுகளுக்கு ஒரு கூட்டுமுதல் என்று மாறி, 1657-இல் நிரந்தர மூலதனம் வந்தது. அதன்பின் பணம் திரும்பி வராது, ஆதாயப் பங்கு மட்டுமே வரும். போட்ட பணம் கோட்டையாகவும் கிடங்காகவும் கடனாகவும் கடலுக்கு அப்பால் நின்றது. அது பெருகுகிறதா கரைகிறதா என்று அறிய எழுத்தைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த எழுத்து எப்படி இருக்கும் என்பதைச் சென்னையின் பிறப்பே காட்டியது. 1639-இல் பிரான்சிஸ் டே, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து மதராசபட்டினத்தில் இடம் பெற்றார். கோட்டை கட்டும் செலவை நாயக்கர் ஏற்பார் என்ற நம்பிக்கையில் வேலை தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் நாயக்கர் அப்படி ஒன்றும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. கட்டி முடியும்வரை ஆகும் செலவுக்கு வட்டியைத் தானே கட்டுவதாக டே சொன்னார். அவரும் மசூலிப்பட்டினத்துத் தலைவர் ஆண்ட்ரூ கோகனும் லண்டனின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. 1640 ஏப்ரலில் கோட்டையின் முதல் பகுதி எழுந்தது. 1641-இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடமும் அங்கே மாறியது. லண்டனில் இருந்தவர்களுக்கு இந்தச் செலவு பிடிக்கவே இல்லை. டே நேரில் போய் விளக்க வேண்டியிருந்தது. கோகனும் பிற்பாடு இங்கிலாந்தில் விசாரணைக்கு நின்று, பழி நீங்கி வெளியே வந்தார். கட்டிவிட்டுச் சொல்வது என்ற வழக்கம் கோட்டையோடு சேர்ந்தே பிறந்தது. தமிழ்நாட்டின் தலைநகரமே முதலீட்டாளர் ஒப்புதல் இல்லாத செலவில் தொடங்கியது என்பதை இன்றைய ஸ்டார்ட்அப்காரர்கள் ரசிக்கக்கூடும்.

அறிக்கைக்கு ஒழுங்கு கொண்டுவந்தவர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர். கணக்குகளைச் சோதிக்க லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அவர், 1678 முதல் 1681 வரை சென்னை ஆளுநராக இருந்தார். அவர் காலத்தில் ஆலோசனைச் சபை திங்களும் வியாழனும் கூடியது. யார் என்ன சொன்னார், எது முடிவாயிற்று, எவ்வளவு பணம் வெளியே போயிற்று என்பதெல்லாம் ஆலோசனைப் புத்தகத்தில் ஏறி, சபையோர் கையொப்பத்தோடு, அதன் நகல் லண்டனுக்குப் போனது. அதே மாஸ்டர்தான் கோட்டைக்குள் புனித மரியன்னை ஆலயத்தை ஊர்க்காரர்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டத் தொடங்கினார். அதற்கு லண்டனைக் கேட்கவில்லை. 1680-இல் ஆலயம் திறக்கப்பட்டது.

கப்பல் புறப்படும் காலம் வந்தால் கோட்டையில் இரவு பகலாக எழுத்து வேலை. லண்டனுக்குப் போகும் பொதுக் கடிதத்துக்கு நாளடைவில் ஒரு வார்ப்பு அமைந்தது: முதலில் கப்பல் போக்குவரத்து, அடுத்து ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கின் விற்பனை, பிறகு துணிக் கொள்முதல், நாட்டு அரசர்களோடு நடந்த விவகாரம், கட்டடமும் வருவாயும், ஊழியர்கள், கடைசியில் கணக்கு. ஒவ்வொரு பத்திக்கும் எண் உண்டு. லண்டன் பதிலும் எண்ணைச் சுட்டியே வரும். ஒரு பத்திக்குப் பதில் இல்லையென்றால் அதையும் சுட்டிக் கேட்பார்கள். கப்பல் மூழ்கலாம், பகைவர் கையில் சிக்கலாம் என்பதால் ஒரே கடிதத்தை ரைட்டர்கள் எனப்பட்ட எழுத்தர்கள் பலமுறை படியெடுக்க, படிகள் வெவ்வேறு கப்பலில் ஏறின. அவசரமென்றால் பாஸ்ரா வழியாகத் தரைமார்க்கம். இவ்வளவு செய்தும் கேள்விக்குப் பதில் கைக்கு வர ஒன்றரை ஆண்டாவது ஆகிவிடும். அதற்குள் கேட்ட விஷயமே மாறிப்போயிருக்கும்.

லண்டனில் இந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் 24 இயக்குநர்கள். இயக்குநராக நிற்க 2,000 பவுன் பங்கு வேண்டும். 500 பவுன் வைத்திருந்தால் பங்குதாரர் பேரவையில் ஒரு வாக்கு. ஆண்டுதோறும் தேர்தல் உண்டு. ஆனால் சாதாரணப் பங்குதாரருக்குத் தெரிந்த அளவுகோல் இரண்டே: ஏலத்துக்கு வந்த சரக்கு, அறிவித்த ஆதாய விகிதம். மற்றதெல்லாம் காபிக்கடைப் பேச்சு.

அந்தப் பேச்சுக்குச் சரக்கு கொடுத்தவை தனிக் கடிதங்கள். ஊழியர்கள் சம்பளத்தை நம்பி வந்தவர்கள் அல்லர். சொந்த வியாபாரத்தை நம்பி வந்தவர்கள். ஆளுநர் தாமஸ் பிட் 410 காரட் வைரத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்பி, 1717-இல் பிரான்சுக்கு விற்றது ஊரறிந்த கதை. சபையில் தோற்றவர், வென்றவர் மேல் நேரே இயக்குநர்களுக்கு எழுதுவார். பொதுக் கடிதத்தைவிட இத்தகைய கோள்மூட்டல்களில்தான் சில சமயம் உண்மை அதிகம் இருந்தது. உள்விவரத்தைப் பணமாக்கவும் தனிக் கடிதமே கருவி. 1765 ஏப்ரலில் சென்னையில் வந்திறங்கிய ராபர்ட் கிளைவ், வங்காளத்தில் மீர் ஜாபர் இறந்த செய்தியை இங்கேதான் கேட்டார். அடுத்து என்ன வரும் என்று கணக்குப் போட்டவர், தன் பணத்தையெல்லாம் உடனே கம்பெனிப் பங்கில் போடும்படி லண்டனிலுள்ள தன் ஆளுக்குச் சங்கேத எழுத்தில் எழுதினார். வங்காள திவானி (வரி வசூல்) உரிமை கிடைத்த செய்தி 1766-இல் லண்டனுக்கு எட்டியதும் பங்கு விலை எகிறியது. பங்குதாரர்கள் ஆதாயத்தை 6 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக்கினார்கள், அடுத்த ஆண்டு 12.5 கேட்டார்கள். நாடாளுமன்றம் 10-இலேயே நிறுத்தியது. தேர்தலுக்காகப் பங்கை 500, 500-ஆகப் பிரித்து நண்பர்கள் பேரில் எழுதும் தந்திரத்துக்கும், வாக்களிக்க ஆறு மாதம் பங்கு வைத்திருக்க வேண்டும் என்று அதே 1767-இல் தடை வந்தது.

இப்படி நம்பிக்கை கொழுத்திருந்த ஆண்டில்தான் ஜவ்வாது மலையடியில் போர் மூண்டது. ஐதராபாத் நிஜாமும் ஹைதரும் சேர்ந்து இறங்க, கர்னல் ஜோசப் ஸ்மித் திருவண்ணாமலை நோக்கிப் பின்வாங்கினார். செப்டம்பர் தொடக்கத்தில் செங்கத்தில் சண்டை. ஸ்மித் வென்றார், ஆனால் சண்டை நடக்கும்போதே மைசூர்க் குதிரைப்படை அவருடைய அரிசியையும் மூட்டை முடிச்சையும் கொள்ளையடித்துவிட்டது. வென்ற படை பசியோடு திருவண்ணாமலைக்கு நடந்தது. அங்கும் படைக்குப் போதிய அரிசி இல்லை. அந்த மாதக் கடைசியில் திருவண்ணாமலையிலும் ஸ்மித்துக்கே வெற்றி. ஆனால் அதே நாட்களில் ஹைதரின் இளம் மகன் திப்புவின் குதிரைகள் சென்னைப் புறநகர்த் தோட்ட வீடுகள்வரை வந்து போயின. சபையோர் தப்பியது அருந்தப்பு. நவம்பரில் வாணியம்பாடியும் திருப்பத்தூரும் ஹைதர் வசமாயின. ஆம்பூர் மலைக்கோட்டையில் கேப்டன் கால்வர்ட் ஏறத்தாழ நான்கு வாரம் தாக்குப்பிடித்தார். டிசம்பரில் ஸ்மித் வந்து முற்றுகையை விலக்கினார். களத்தைக் கைப்பற்றுவதும் நாட்டைக் கைப்பற்றுவதும் ஒன்றல்ல என்பதைப் பொதுக் கடிதம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வெற்றிகளை மட்டும் வரிசையாக அடுக்கினால், எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் மெய். படிப்பவர் மனதில் எழும் படம் பொய்.

உள்ளதை முழுதாக எழுதச் சபை தயங்கியதற்குக் காரணமும் உண்டு. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடமே பெருங்கடன் பட்டிருந்தார். மைசூர் நாடு நவாபுக்குக் கிடைத்தால் கடன் கொடுத்தவர்கள் பணம் பத்திரமாகும். 1768-இல் நவாபும், சபை உறுப்பினர் இருவரும் ஸ்மித்தின் படையோடு கூடவே போனார்கள். அறிக்கை எழுதியவர்களுக்கு அந்தப் போரில் சொந்தக் காசும் இருந்தது.

அவ்வாண்டு இழந்திருந்த இடங்களில் பெரும்பாலானவற்றை 1768 இறுதியில் ஹைதர் திரும்பப் பிடித்தார். 1769 மார்ச் 29-இல் அவருடைய குதிரைப்படை பரங்கிமலைக்கு வந்துவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் கம்பெனி சமாதானம் செய்துகொண்டது. அந்தச் சமாதானச் செய்தி லண்டனை எட்டுவதற்கு வெகுமுன்பே, முந்தைய தோல்விகளின் செய்தி மே மாதத்தில் அங்கே பரவியிருந்தது. மொரீஷியஸில் பிரெஞ்சுப் படை திரளுகிறது என்ற வதந்தியும் சேர்ந்துகொள்ள, சில வாரங்களில் பங்கு விலை பத்தில் ஒன்றுக்கும் மேல் சரிந்தது. கடன் வாங்கிப் பங்கில் விளையாடியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கின் நெருங்கிய உறவினர்போல் வாழ்ந்த வில்லியம் பர்க். விட்ட பணத்தைத் தேடி அவர் பின்னர் இந்தியாவுக்கே வந்து, தஞ்சை அரசருக்கு முகவரானார்.

கடிதத்தை இனி நம்புவதற்கில்லை என்று முடிவுசெய்த இயக்குநர்கள், நேரில் பார்த்துச் சொல்ல வான்சிட்டார்ட், ஸ்கிராப்டன், போர்டு என்ற மூவரை முழு அதிகாரத்தோடு 1769-இல் அனுப்பினார்கள். அவர்கள் ஏறிய அரோரா கப்பல் நன்னம்பிக்கை முனையை விட்டபின் காணாமல் போனது. தணிக்கை அதோடு நின்றது. 1772-இல் கம்பெனி கையில் ரொக்கம் வற்றியது. 1773-இல் அரசு 14 லட்சம் பவுன் கடன் கொடுத்தது, கூடவே ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. வாக்குக்கான பங்கு 1,000 பவுனாக உயர்ந்தது. இந்தியாவிலிருந்து வரும் வருவாய்க் கடிதங்களின் நகலைக் கருவூலத்துக்கும், அரசியல், படை விவகாரக் கடிதங்களின் நகலை அமைச்சருக்கும் 14 நாளுக்குள் இயக்குநர்கள் கொடுத்தாக வேண்டும் என்று விதியாயிற்று. பங்குதாரருக்கு எழுதிய அறிக்கையை அரசாங்கமும் முறையாகப் படிக்கத் தொடங்கியது அப்போதிருந்துதான்.

1833-இல் கம்பெனியின் வியாபாரமே முடிந்தது. பங்குதாரருக்கு ஆண்டுக்கு 10.5 சதவீதம் நிலையாக, இந்திய வருவாயிலிருந்து கொடுக்கப்படும் என்று சட்டம் சொன்னது. ஆட்சி எப்படி நடந்தாலும் தொகை மாறாது. பத்தி எண்ணிட்ட கடிதங்கள் தொடர்ந்து போயின. பணம் போட்டவர்கள் அவற்றைப் படிக்க வேண்டிய அவசியம்தான் தீர்ந்துவிட்டது. 1874-இல் 100 பவுன் பங்குக்கு 200 பவுன் வீதம் கொடுத்துக் கணக்கை மூடினார்கள்.